மொடல் போர் விமானத்துக்குக் கழன்று விழும் பைபர் தாங்கி: பிளக்கில் தொடங்கி வயல்வெளி வரை

சீனக்குடாப் பக்கம் காட்டுக்குள் நிற்கும் பழைய எண்ணெய்த் தாங்கிகளைத் திருகோணமலையில் வளர்ந்த எவருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அங்கிருந்து பிரித்தானிய விமானப்படையின் 261ஆவது ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்கள் எழும்பிப் போய் எதிர்த்தன. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான் நான் ரேடியோ கொன்ட்ரோல் விமானம் கட்டத் தொடங்கியதும் முதலில் ஒரு சீரோவை, அதாவது யப்பானியரின் அந்தப் போர் விமானத்தை, கட்டினேன். ஏ6எம்2, 1/6 அளவு. உண்மை விமானத்தின் இறக்கை 12 மீற்றர், என்னுடையது 2 மீற்றர்.

சீரோவின் வயிற்றுக்குக் கீழே தொங்கும் 330 லீற்றர் மேலதிகத் தாங்கி இல்லாவிட்டால் அந்த விமானம் முழுமையாகத் தெரியாது. அந்தத் தாங்கியோடு அது 3000 கிலோமீற்றருக்கு மேல் பறக்கக்கூடியதாக இருந்தது. போகும் வழியில் அதிலிருக்கும் பெற்றோலை முதலில் எரித்துவிட்டு, சண்டை வந்தால் தாங்கியைக் கழற்றி விட்டுவிடுவார்கள். அதே வேலையை மொடலிலும் செய்ய வேண்டும், பறக்கும்போது ஒரு சுவிட்சைத் தட்டினால் தாங்கி சுத்தமாகக் கழன்று விழ வேண்டும், எடுத்துத் துடைத்துத் திரும்பவும் மாட்ட வேண்டும். அதை பைபரில் (கண்ணாடி இழையும் ரெசினும்) செய்வது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே முறையில் பொம்மைக் குண்டும் செய்யலாம், வெளிநாடுகளில் நிறையப் பேர் செய்கிறார்கள். நான் செய்வதில்லை. விமானத்திலிருந்து விழுந்ததைக் கண்ணால் கண்டவர்கள், அதில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் ஊரிலும் மூதூர்ப் பக்கமும் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். வயலில் நின்று அண்ணாந்து பார்க்கும் ஒரு அம்மாவுக்கு அது பொம்மை என்று எனக்குத் தெரிந்து என்ன பயன்? தாங்கி போதும். தொழில்நுட்பம் ஒன்றுதான், அழகும் குறையாது.

அளவும் எடையும்

வரைபடத்திலிருந்து நீளம், விட்டம் எடுத்து 6ஆல் பிரிப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் தாங்கியின் வடிவம் ஒன்றுக்கொன்று ஒத்துவராது, விமானத்தைக் கவனமாக வரைந்தவர்கள்கூடத் தாங்கியைக் கண்மதிப்பில் வரைந்திருப்பார்கள். அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது: கொள்ளளவு. நீளம் 1/6 ஆனால் கொள்ளளவு 1/216 ஆகும். 330 லீற்றரை 216ஆல் பிரித்தால் 1.53 லீற்றர். 1/7 அளவுக்கு 0.96 லீற்றர், 1/5 அளவுக்கு 2.64 லீற்றர். பிளக் (அச்சு எடுப்பதற்கான மர அசல்) செய்து சீலர் அடித்த பிறகு, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் அதை மெல்லிய கம்பியால் அமுக்கி முழுதாக மூழ்கடித்து, வழியும் தண்ணீரை அளந்து பாருங்கள். வெளி வடிவம் உள் கொள்ளளவைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ஆகவே 1.6 லீற்றர் அளவில் வந்தால் சரி. 2 லீற்றருக்கு மேல் வந்தால் வரைபடம் பிழை. நீளமும் விட்டமும் பத்து வீதம் தவறினாலே கொள்ளளவு முப்பத்து மூன்று வீதம் தவறிவிடும், அதனால் இந்தச் சோதனை நல்ல கூர்மையானது.

எடைதான் இந்த வேலையின் உயிர்நாடி. என் முதல் தாங்கியை எங்கள் ஊரில் வள்ளம் கட்டும் முறையிலேயே செய்தேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த பைபர் வேலை அதுதான். மாமா திருக்கடலூரில் பைபர் போட் திருத்துகிறவர், அவரிடம் 450 கிராம் மேட்டும் (கண்ணாடி இழைப் பாய், கிராம் என்பது ஒரு சதுர மீற்றரின் எடை) பொலியெஸ்டர் ரெசினும் வாங்கி இரண்டு அடுக்குப் போட்டேன். எல்லாம் சேர்த்து 260 கிராம் வந்தது. கல் மாதிரி உறுதி, விமானத்துக்கு அது சுமை. கணக்கைப் பாருங்கள்: ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் நீளமான தாங்கியின் மேற்பரப்பு 0.09 சதுர மீற்றர். 450 கிராம் மேட் ஒரு அடுக்கு என்றால் கண்ணாடி இழை மட்டும் 40 கிராம், மேட் தன் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசினைக் குடிக்கும், ஆக ஒரு அடுக்கே 120 முதல் 140 கிராம். அதற்குப் பதில் நெய்த கண்ணாடித் துணியில் 49 கிராம் ஒன்று, 160 கிராம் ஒன்று, எப்பொக்ஸி ரெசின் துணியின் எடைக்குச் சமமாக. மொத்தம் 38 கிராம். பொருத்து, பலகைத் துண்டு, கொக்கி, பெயின்ட் எல்லாம் சேர்த்தும் 75 கிராமில் நிற்கும்.

ஆகவே அச்சுக்கு வள்ளக் கடைச் சாமான், தாங்கிக்கு மெல்லிய துணியும் எப்பொக்ஸியும். மெல்லிய துணி திருகோணமலையில் கிடைப்பதில்லை, கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும். எடுப்பிக்கும்போது இரண்டு மீற்றராக எடுங்கள், ஒரு தாங்கியோடு நீங்கள் நிறுத்தப் போவதில்லை.

பிளக்: கடதாசி வைத்து ஒட்டிக் கடையும் முறை

பிளக் என்பது தாங்கியின் வெளி வடிவத்தின் அசல். இதற்கு மரம்தான் நல்லது. மலைவேம்பு கிடைத்தால் விடாதீர்கள், எடை குறைவு, கடையும்போது பிசிறு குறைவு. முதிரை, பாலை எல்லாம் வேண்டாம், தேய்த்தே கை ஓய்ந்துவிடும்.

தாங்கி உருண்டை வடிவம், அதாவது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். அதனால் ஒரு பாதிக்கு மட்டும் அச்சு எடுத்தால் போதும், அதே அச்சில் இரண்டு தடவை வார்த்தால் இரண்டு பாதியும் கிடைத்துவிடும். பாதி செலவு, பாதி நேரம். ஆனால் அந்தப் பாதி மிகச் சரியான பாதியாக இருக்க வேண்டும், அரை மில்லிமீற்றர் கூடினாலும் பொருத்தும்போது முட்டை வடிவமாகிவிடும். கடைந்து முடித்த மரத்தை வாளால் இரண்டாகப் பிளந்தால் வாள் தின்ற அளவு போய்விடும். அதனால் கடைவதற்கு முன்பே இரண்டாக வைத்திருங்கள்: இரண்டு பலகைத் துண்டுகளின் முகத்தைச் சீராக இழைத்து, நடுவில் ஒரு பத்திரிகைக் கடதாசியை வைத்து, மர ஒட்டுப் பசையால் மூன்றையும் ஒட்டிக் கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். இரண்டு முனையிலும் 4 சென்ரிமீற்றர் கூடுதலாக விட்டு அந்த இடத்தில் திருகாணி போட்டுக்கொள்ளுங்கள், கடைசல் இயந்திரத்தில் சுழலும்போது பிளந்து பறக்காமல் இருக்க. கடைசல் பட்டறைக்காரரிடம் நடுவில் கடதாசி இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கடைவதற்கு அரை வடிவத்தை மெல்லிய பலகையில் வெட்டி அளவுத் தட்டாகக் கொடுங்கள். அவர் கடையக் கடைய அதைப் பக்கத்தில் வைத்து, வெளிச்சம் எங்கே தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். கடைந்து முடிந்ததும் முனைகளை அறுத்துவிட்டு, ஒட்டு வரியில் மெல்லிய உளியை வைத்து ஒரு தட்டு. கடதாசி நடுவால் கிழிந்து இரண்டு சரியான பாதி கையில் வரும். அந்தத் தட்டுத் தட்டும் கணம் எனக்கு இன்னும் பிடிக்கும். (வாளிச் சோதனையை இப்போது இரண்டு பாதியையும் தற்காலிகமாகச் சேர்த்துக் கட்டிச் செய்துகொள்ளலாம், சீலர் அடித்த பிறகு.)

கடைசல் வசதி இல்லாதவர்கள் ரெஜிபோமில் வெட்டித் தேய்த்தும் செய்யலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பொலியெஸ்டர் ரெசின் ரெஜிபோமைக் கரைத்துத் தின்றுவிடும், கார்ப் பட்டியும் அப்படித்தான். முதலில் எப்பொக்ஸியால் ஒரு தோல் போட்டு, அது காய்ந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பாதிப் பிளக்கை மெலமைன் ஒட்டிய வழுவழுப்பான பலகையில், பின்பக்கத்திலிருந்து திருகாணி போட்டு இறுக்குங்கள். சுற்றிவர 5 சென்ரிமீற்றர் இடம் வேண்டும். பிளக்குக்கும் பலகைக்கும் இடையில் மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் மெழுகால் அடைத்து நகத்தால் வழித்துவிடுங்கள், ரெசின் அதற்குள் போனால் கழற்றும்போது பூட்டிக்கொள்ளும்.

பிறகு சீலர், பிரைமர், தேய்ப்பு. 400, 600, 800, 1200 இலக்க மணல்தாள் என்று தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். பிளக்கில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் அச்சுக்குப் போகும், அச்சிலிருந்து ஒவ்வொரு தாங்கிக்கும் போகும். நான் இதற்கு மட்டும் நான்கு மாலைகள் செலவிடுகிறேன், அதில் ஒன்றையும் குறைக்க மாட்டேன்.

அச்சு எடுத்தல்

புதுப் பிளக்குக்கு வாக்ஸ் ஐந்தாறு தடவை. ஒவ்வொரு தடவையும் பூசி, மங்கலாகும் வரை விட்டு, சுத்தமான துணியால் பளபளக்கத் துடைத்து, ஒரு மணி நேரம் ஓய்வு. அதன் மேல் பிவிஏ கழற்றித் திரவத்தை மெல்லியதாக ஸ்பிரே செய்ய வேண்டும். இது தண்ணீரில் கரையும் ஒரு மெல்லிய தோல். மார்கழி ஈரத்தில் அது காய ஏறத்தாழ நாள் முழுக்க எடுக்கும், காய்ந்தது போலத் தெரியும் ஆனால் காய்ந்திராது. நான் ஒரு தடவை அவசரப்பட்டு அதன் மேல் ஜெல்கோட் (அச்சின் வழுவழுப்பான முகமாகும் கெட்டி ரெசின்) பூசி, அச்சும் பிளக்கும் பிரியாமல் இரண்டையும் உடைக்க வேண்டி வந்தது. விரல் நகத்தால் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுப்பு இருந்தால் அன்றைக்கு வேலையை விட்டுவிடுங்கள்.

அடுத்து ஜெல்கோட், அரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலாக, சீராக. தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலில் வரக்கூடாது. அந்தப் பதத்தில் மெல்லிய டிஷ்யூ மேட் ஒன்று, பிறகு 300 கிராம் மேட் இரண்டு அடுக்கு, உருளையால் காற்றுக் குமிழ்களை அழுத்தி எடுத்து. அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். மறுநாள் 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டால் ரெசின் சூடேறி அச்சு வளைந்துவிடும். பலகையின் மேலும் 4 சென்ரிமீற்றர் அகலத்துக்கு மேட்டை இழுத்து விடுங்கள், அதுதான் அச்சின் விளிம்பு, பின்னால் வெட்டுவதற்கும் அதுதான் வழிகாட்டி.

ஹார்ட்னர் அளவு பற்றி: பொலியெஸ்டர் ரெசினுக்கு எம்.ஈ.கே.பி ஹார்ட்னர் ஒன்று முதல் இரண்டு வீதம். எங்கள் ஊர்ப் பகல் வெயிலில் இரண்டு வீதம் போட்டால் பிரஷ்ஷை எடுக்கும் முன்பே இறுகிவிடும். "தம்பி, வெயில் ஏறினா ஹார்ட்னரைக் குறை, இல்லாட்டி விடியக்காலமை வா" என்பார் மாமா. அவர் விடியற்காலை ஐந்தரைக்கே ரெசின் கலக்கத் தொடங்கிவிடுவார், எட்டு மணிக்குக் கை கழுவிவிடுவார். ஆனால் ஒரு வீதத்துக்குக் கீழே போகாதீர்கள், இறுகியது போலத் தெரிந்தாலும் உள்ளே முழுமையாக வேகாமல் மென்மையாகவே நின்றுவிடும்.

பாதுகாப்பு விஷயத்தில் இரண்டைக் கட்டாயம் மனதில் வையுங்கள். எம்.ஈ.கே.பி ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வையே போகலாம், ஆகவே கண்ணாடி போடாமல் அந்தப் போத்தலைத் திறக்கக்கூடாது. மற்றது, ரெசினுக்கு வேகம் கூட்டப் போடும் கோபால்ட் திரவமும் இந்த ஹார்ட்னரும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். பெரும்பாலும் கோபால்ட் முன்பே கலந்த ரெசின்தான் கிடைக்கிறது, அதையே கேட்டு வாங்குங்கள். தூசுக்கு முகக்கவசம், காற்றோட்டமான இடம், முழுக்கைச் சட்டை, இதெல்லாம் நீங்களே அறிவீர்கள்.

மூன்று நாட்களாவது விட்டு, பிறகு விளிம்பில் பிளாஸ்டிக் ஆப்புகளைச் சுற்றிவர மெதுவாகச் செருகி, இடைவெளிக்குள் தண்ணீர் ஊற்றுங்கள். பிவிஏ கரைந்து, றப்பர்ச் சுத்தியலால் தட்டத் தட்ட 'டக்' என்று விடும். கத்தி, ஸ்குரூ டிரைவர் எதையும் உள்ளே விடாதீர்கள்.

தாங்கியை வார்த்தல்

அச்சுக்குத் திரும்பவும் வாக்ஸ், பிவிஏ. பொலியெஸ்டர் அச்சுக்குள் எப்பொக்ஸி வார்க்கலாம், அச்சு நன்றாகக் காய்ந்திருந்தால் பிரச்சினை இல்லை. மாறி, முழுதாகக் காயாத எப்பொக்ஸியின் மேல் பொலியெஸ்டர் போட்டால் ஒழுங்காக இறுகாது, திருத்த வேலையின்போது இதை மறந்துவிடாதீர்கள்.

துணியை 45 பாகைக் கோணத்தில் வெட்டுங்கள். நேராக வெட்டிய துணி மூக்கு முனையின் வளைவில் படியாமல் சுருங்கி நிற்கும், சாய்த்து வெட்டியது சேலைத் தலைப்பு மாதிரி வழிந்து படியும். 49 கிராம் துணியை முதலில் போடுவது, தடித்த துணியின் நெசவுத் தடம் வெளியே தெரியாமல் இருக்க. துணியை நிறுத்து அதே எடை எப்பொக்ஸி கலந்துகொள்ளுங்கள், பிரஷ்ஷிலும் கிண்ணத்திலும் ஒட்டுவதற்கு ஒரு பத்துக் கிராம் கூட. கலந்ததை உயரமான கப்பில் வைக்காமல் தட்டையான தட்டில் ஊற்றுங்கள், குவிந்து நின்றால் சூடேறிப் புகைந்துவிடும். எப்பொக்ஸிக்கு ஹார்ட்னரைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம் என்று வள்ள வேலை செய்தவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை, குறித்த விகிதம் துளியும் மாறக்கூடாது, தராசில் நிறுத்தே கலக்க வேண்டும்.

முதலில் அச்சில் மெல்லியதாக ரெசின், அதன் மேல் துணி, பிரஷ்ஷால் நடுவிலிருந்து வெளியே குத்திக் குத்தி நனைக்க வேண்டும். வெள்ளையாக இருந்த துணி கண்ணாடியாக மாறிவிட்டால் போதும், அதற்கு மேல் ஊற்றுவது எல்லாம் வெறும் எடை. இரண்டாவது துணியும் போட்டு முடிந்ததும் டொய்லட் பேப்பரை மேலே படிய விட்டு எடுங்கள், மிச்ச ரெசினை உறிஞ்சிக்கொள்ளும். நான் ஒரு பாதிக்கு ஐந்தாறு கிராம் இப்படி எடுத்திருக்கிறேன்.

ஆறேழு மணி நேரத்தில் அது தோல் மாதிரி வளையும் பதத்துக்கு வரும், முழுதாக இறுகியிராது. அந்த நேரத்தைப் பிடித்துக் கூரான பிளேடால் அச்சின் விளிம்பை ஒட்டி வழித்து வெட்டினால் வெண்ணெய் மாதிரி வெட்டும், சரியான பாதியும் கிடைக்கும். தவறவிட்டால் அடுத்த நாள் வாளும் தூசும்தான். வெட்டி எடுத்த கீற்றுகளை எறியாதீர்கள். அச்சிலிருந்து எடுக்காமல் மறுநாள் கறுப்புத் துணியால் மூடி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் நன்றாக இறுகும்.

பொருத்தலும் மூக்கு ஈயமும்

வெட்டி வைத்த கீற்றுகளில் 1 சென்ரிமீற்றர் அகலத் துண்டுகளை, 4 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, ஒரு பாதியின் உள் விளிம்பில் பாதி வெளியே நீட்டி நிற்க ஒட்டுங்கள். மற்றப் பாதி அந்தப் பற்களின் மேல் வழுக்கி வந்து தானாகச் சரியான இடத்தில் உட்காரும்.

மூடுவதற்கு முன் உள்ளே செய்ய வேண்டிய வேலை இரண்டு. மேல் பக்கத்தில், கொக்கி வரும் இடத்தில் 3 மி.மீ பிளைவுட் துண்டை எப்பொக்ஸியால் ஒட்டி அதன் மேல் ஒரு துண்டுத் துணி. மற்றது மூக்கு ஈயம். இதைச் சொல்லாமல் விட்ட வழிகாட்டிகளைப் படித்துத்தான் நான் என் சீரோவின் வால் இறக்கையை இழக்கப் பார்த்தேன். வெறும் தாங்கி எடை குறைவு, உடம்பு பெரிது. கழன்றதும் விழாமல் காற்றில் மிதந்து, மூக்கு மேலே தூக்கி, பின்னால் வரும் வாலில் போய் மோதும். என் இரண்டாவது தாங்கி அப்படித்தான் கிடைமட்ட வாலின் ஓரத்தில் தட்டிவிட்டுப் போனது, நல்லகாலம் எலிவேட்டர் தப்பியது. அதனால் தூண்டில்காரர் பாவிக்கும் ஈயக் குண்டு 30 முதல் 40 கிராம், மூக்கு முனைக்குள் எப்பொக்ஸியும் பஞ்சும் கலந்து அசையாமல் ஒட்டிவிடுங்கள். 75 கிராம் தாங்கி 110 கிராம் ஆகும். இந்த எடையை மனமார ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூடி ஒட்டிய பிறகு வெளியே பொருத்து வரியில் 2 சென்ரிமீற்றர் அகல மெல்லிய துணிக் கீற்று, பிறகு தேய்ப்பு. வாலுக்குப் பக்கத்தில் ஊசித் துவாரம் ஒன்று போட்டுவிடுங்கள், வெயிலில் உள்ளே காற்று விரியும்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு தகவல். இரண்டாம் உலகப் போரில் மஸ்டாங் விமானங்கள் கொண்டுபோன 108 கலன் தாங்கிகளைப் பிரித்தானியாவில் கடதாசியால் செய்தார்கள். கடதாசியைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காகப் போட்டு மூக்கு, உடம்பு, வால் என்று மூன்று பாகமாகச் செய்து பொருத்தினார்கள், பெற்றோலை அதிக நேரம் உள்ளே வைத்திருக்க முடியாது என்பதால் பறப்பதற்குச் சற்று முன்புதான் நிரப்புவார்கள். நாங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

கழற்றும் பொறி

இரண்டு கொக்கி போட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் விடும் முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஒன்று முந்தினாலோ சிக்கினாலோ தாங்கி குறுக்கே தொங்கும். முன்னால் ஒரு கொக்கி, பின்னால் ஒரு நாக்கு. முன் கொக்கி என்பது 2 மி.மீ பியானோ கம்பியை வளைத்துப் பிளைவுட்டில் பதித்த வளையம். விமான வயிற்றுக்குள் இரண்டு சிறு பலகைகளுக்கு நடுவில் அந்த வளையம் நுழையும், பலகைகளின் குறுக்கே ஒரு 2 மி.மீ ஊசி வளையத்துக்குள்ளால் போகும். சேர்வோ (ரிசீவர் சொல்கிறபடி கையை அசைக்கும் சின்ன மோட்டர்) அந்த ஊசியைப் பின்னால் இழுத்தால் வளையம் விடுபடும். தாங்கியின் எடை முழுவதும் பலகைகளிலும் ஊசியிலும்தான் நிற்கிறது, சேர்வோ ஊசியை இழுக்க மட்டும்தான், அதனால் 9 கிராம் சேர்வோ தாராளம். தாங்கியின் பின் நாக்கு, விமான வயிற்றில் பின்பக்கம் திறந்த ஒரு பள்ளத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். முன் பக்கம் விட்டதும் மூக்கு கீழே சரிகிறது, காற்று தாங்கியைக் கீழும் பின்னும் தள்ளுகிறது, நாக்கு பள்ளத்திலிருந்து வழுக்கி வெளியே வருகிறது. முன் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு ஸ்பொஞ்சை அமுங்கியபடி வைத்தால் அது ஒரு சின்ன உந்தலும் கொடுக்கும்.

தாங்கியின் ஈர்ப்பு மையம் விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழே வர வேண்டும், அல்லது கொஞ்சம் முன்னால். பின்னால் போனால், மாட்டியிருக்கும்போது விமானம் வால் பாரமாகப் பறக்கும், அது ஆபத்து. சீரோவின் சக்கரங்கள் உள்ளே மடியும், மடியும் கதவும் தாங்கியும் உரசுகிறதா என்று தரையில் பத்துத் தடவை மடக்கிப் பாருங்கள். புறொப்பெல்லருக்கும் மூக்குக்கும் இடைவெளியும் அப்படியே.

ரிசீவரில் பெயில்சேப் அமைக்கும்போது, சிக்னல் போனால் ஊசி பூட்டிய நிலையில் நிற்கும்படி வையுங்கள். பிறகு தாங்கிக்குப் பதிலாக அதைப் போல மூன்று மடங்கு எடையைத் தொங்கவிட்டு, மோட்டரை முழு வேகத்தில் ஓட்டி, அதிர்வில் தானாக விழுகிறதா என்றும், சுவிட்சைத் தட்டினால் ஒவ்வொரு தடவையும் விடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். நான் இருபது தடவை செய்வேன். பத்தொன்பது தடவை விட்டு ஒரு தடவை சிக்கினால் அது தேறாது.

பெயின்ட் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பல் நிறம், மேலே இரண்டு பாகம் கலக்கும் கிளியர் கோட், கனமில்லாமல். முதல் சோதனைகளுக்குச் செம்மஞ்சள் நாடா சுற்றுங்கள், அறுவடைத் தட்டைக்குள் சாம்பல் தாங்கியைத் தேடுவது பெரும்பாடு. அடியில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிவிடுங்கள்.

வயலில்

சீனக்குடா இன்று விமானப்படைத் தளம், துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது. அந்தப் பக்கம் மொடலைத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் உங்கள் விமானத்துக்கும், அதிலிருந்து ஒரு பொருளை விடுவதற்கும் என்ன அனுமதி தேவை என்று எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள், உள்ளூர்ப் பொலிஸுக்கும் சொல்லுங்கள், வயல்காரரிடமும் கேளுங்கள். அனுமதி கிடைக்கவில்லை என்றால் தாங்கியைப் பூட்டிய நிலையிலேயே காட்சிக்கு வையுங்கள். தாங்கிக்குள் தண்ணீர், மா, சாயம் எதையும் நிரப்பக்கூடாது.

நல்ல காலம், பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோகத்துக்கு உழத் தொடங்கும் முன் கிடைக்கும் சில வாரங்கள். தம்பலகாமத்து வயல்கள் அப்போது வெறுமையாகக் கிடக்கும், நிலம் காய்ந்திருக்கும், தாங்கி விழுந்தாலும் வைக்கோல் தட்டை தாங்கிக்கொள்ளும். ஆனியில் கச்சான் அடிக்கத் தொடங்கினால் விட்ட இடம் ஒன்று விழுந்த இடம் ஒன்றாகிவிடும். பறப்பதற்கு முதல் நாளே சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய், நாளைக்கு ஒரு பொம்மை விமானம் பறக்கும், அதிலிருந்து ஒரு வெற்றுத் தாங்கி விழும், பயப்பட ஒன்றுமில்லை என்று நேரில் சொல்லி, தாங்கியைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். நான் இதை ஒரு தடவையும் தவறவிடுவதில்லை. வேண்டாம் தம்பி என்று ஒரு வீட்டில் சொன்னாலும் அன்றைக்குத் தாங்கி கழற்றுவதில்லை.

20 மீற்றர் உயரத்திலிருந்து விட்டால் தாங்கி தரைக்கு வர இரண்டு வினாடி எடுக்கும், தரையில் மோதும்போது செங்குத்தாக மட்டும் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகம். 110 கிராம்தானே என்று நினைக்காதீர்கள், தலையில் பட்டால் பெரிய காயம். விமானம் மணிக்கு 60 கிலோமீற்றரில் போனால் அந்த இரண்டு வினாடியில் தாங்கி 33 மீற்றர் முன்னால் போகும், காற்று எதிரே அடித்தால் கொஞ்சம் குறையும். ஆகவே விழ வேண்டிய இடத்துக்கு 30 மீற்றர் முன்னரே சுவிட்ச். அந்த இடத்தைச் சுற்றி 50 மீற்றருக்கு ஆளோ மாடோ நிற்கக்கூடாது. பார்வைக்கென்று ஒருவர் பக்கத்தில் நின்று "வெளி" என்று சொன்ன பிறகுதான் விரல் சுவிட்சுக்குப் போக வேண்டும். பறப்பு நேராக, மட்டமாக, அரை திரொட்டலில், காற்றை எதிர்த்து. திருப்பத்திலும் செங்குத்துப் பாய்ச்சலிலும் விடாதீர்கள், தாங்கி உடம்போடு ஒட்டியே வரும். தாங்கி விழுந்ததும் பிள்ளைகள் அதை எடுக்க ஓடுவார்கள், விமானம் இறங்கி மோட்டர் நிற்கும் வரை ஒருவரும் வரம்பைத் தாண்டக்கூடாது என்று முன்பே சொல்லி, அவர்களைப் பிடித்து வைக்க ஒரு பெரியவரையும் நிறுத்துங்கள்.

எடுத்து வந்ததும் மூக்கைத் தட்டிப் பாருங்கள். உள்ளே ஈயம் குலுங்கினால் வாலில் சிறு துளை போட்டு எப்பொக்ஸி விட்டு, மூக்கைக் கீழே வைத்து ஒரு இரவு நிறுத்துங்கள். பொருத்து வரியில் மயிர்க் கீறல் தெரிந்தால் அதன் மேல் 49 கிராம் துணிக் கீற்று. கொக்கியின் அடியில் வெடிப்பு இருந்தால் மட்டும் அந்தத் தாங்கியை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு அச்சை எடுங்கள். அச்சைத் தகரக் கூரைக்குக் கீழே வைக்க வேண்டாம், சூட்டில் வளைந்துவிடும். வாக்ஸ் பூசி, முகம் கீழே பார்க்க மெலமைன் பலகையின் மேல் கவிழ்த்து, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டால் அடுத்த அறுவடை வரை அப்படியே இருக்கும்.